கேம்ப்புல கழிச்ச ஆளு

ராமேஸ்வரம் ரயில்ல போறவங்க உச்சிப்புளி தாண்டினதும் ‘மண்டபம் கேம்ப்’னு ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீங்க. அடுத்த ஸ்டேஷன் மண்டபம். ஒரு ஊருக்கு எதுக்கு ரெண்டு ஸ்டேஷன், அது என்ன கேம்ப்புன்னு கேட்டா, இலங்கை அகதிகள் முகாம் இருக்கே, அதனாலதான்னு சொல்லுவாங்க. அகதிகள் வந்தது 1983-க்கு அப்புறம். கேம்ப்புங்கிற பேரு அதுக்கும் அறுபது எழுபது வருசம் முந்தினது. அது வெள்ளைக்காரன் காலத்துல, தேயிலைத் தோட்ட வேலைக்குப் போற நம்ம சனங்களை நிறுத்தி வச்சு உடம்பைப் பரிசோதிச்ச இடம். நடத்தினது நம்ம பக்கத்து அரசாங்கம் கூட இல்ல, இலங்கை அரசாங்கம். அவங்க நாட்டு வேலைக்கு வர்ற ஆளை, அவங்க கரையில கால் வைக்கிறதுக்கு முன்னாடியே, நம்ம மண்ணுல வச்சே சலிச்சாங்க.

இன்னைக்கு எங்க ஊர்ல கல்ஃப் போற பையன்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்ததும் கேக்குற முதல் கேள்வி, “மெடிக்கல் போட்டாச்சா?” அந்த மெடிக்கலுக்குப் பாட்டன் முப்பாட்டன்னு ஒரு வம்சமே இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. போன பதிவுல மிளகாய் நாற்றுல வர்ற அழுகலைப் பத்திப் பாதியில விட்டேன், அதை அடுத்த வாரம் முடிக்கிறேன்.

மாட்டுச் சந்தைக்குப் போனவங்களுக்குத் தெரியும். மாடு வாங்குறவன் முதல்ல வாயைத்தான் பிளப்பான். பல்லு போடாத கன்னா, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துடுச்சான்னு பார்ப்பான். அப்புறம் சுழி, குளம்பு, நடை. மனுசனை வேலைக்கு எடுக்குறதும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. இதை நான் சும்மா கோபத்துல சொல்லலை. இங்கிலாந்துல 1833-ல ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஒன்பது வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளையைப் பஞ்சாலையில வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு. சரி, ஒன்பது வயசுன்னு எப்படித் தெரியும்? அப்போ அங்கேயும் பிறப்புப் பதிவு கிடையாது, அது 1837-லதான் ஆரம்பிச்சது. அதனால டாக்டர் ஒருத்தர் பிள்ளையைப் பார்த்து, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு உண்டான வளர்த்தியும் தெம்பும் இருக்குன்னு எழுதிக் குடுக்கணும். உயரத்தை வச்சுச் சொன்னாங்க. வயித்துக்கு இல்லாத பிள்ளை குட்டையாத்தானே இருக்கும்? உயரமா இருந்தா ஏழு வயசும் ஒன்பது ஆயிடும். 1837-ல எட்வின் சாண்டர்ஸ்னு ஒரு பல் டாக்டர், உயரத்தை விடுங்க, பல்லைப் பார்த்தா வயசு சரியாத் தெரியும்னு புத்தகமே போட்டு பார்லிமெண்டுக்கு வச்சாரு. நம்ம சந்தைத் தரகர் காலங்காலமா செய்யுறதுதான்.

நம்ம நாட்டுக்கு அந்த மாதிரிச் சட்டம் 1881-ல வந்தது. ஏழு வயசுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாதாம். ஏழு! 1891-ல அது ஒன்பது ஆச்சு, 1922-ல பன்னெண்டு, 1948 சட்டத்துல பதினாலு. இங்கேயும் டாக்டர் சர்ட்டிபிகேட்டுதான். பதினாலுக்கு மேல பதினெட்டுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குத் தகுதிச் சான்று வேணும்ங்கிறது அந்த 1948 சட்டத்துல இருந்தது. இந்த வகைப் பரிசோதனை நியாயமானது. வேலைக்கு வர்றவனோட நன்மைக்காகப் பார்க்குறது. இன்னொரு வகை, வேலைக்கு எடுக்குறவனோட முதலுக்காகப் பார்க்குறது. எங்க பக்கத்து ஆளுகளுக்கு ரெண்டாவதுதான் அதிகம் வாய்ச்சது.

அடிமை முறையை ஒழிச்சு 1834-ல பிரிட்டிஷ்காரன் சட்டம் நடைமுறைக்குக் கொண்டாந்தான். கரும்புக்கும் காப்பிக்கும் ஆள் வேணுமே, அதனால ஒப்பந்தக் கூலின்னு இந்தியாவுல இருந்து ஏத்த ஆரம்பிச்சான். மொரீசியஸ், அப்புறம் நேட்டால். 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து ‘ட்ரூரோ’ங்கிற கப்பல் கிளம்பி நவம்பர் 16-ந் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதுல 342 பேர். தென்னாப்பிரிக்காத் தமிழங்க கதை அங்கேதான் தொடங்குது. கப்பல் ஏர்றதுக்கு முன்னாடி டிப்போவுல வச்சு டாக்டர் பார்ப்பாரு. உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கான்னு பார்ப்பாங்களாம், மண்வெட்டி பிடிச்ச கையா இல்லையான்னு தெரிய. அப்புறம் ஒரு பாஸ் எழுதுவாங்க. பேரு, தகப்பன் பேரு, சாதி, வயசு, உயரம், உடம்புல உள்ள தழும்பு மச்சம், ஜில்லா, தாலுகா, ஊரு. அடியில இவன் உடம்பாலும் மனசாலும் நோய் இல்லாதவன், அம்மை குத்தியாச்சு, கப்பல் ஏறத் தகுதிங்கிற கருத்துல எழுதிக் கையெழுத்து. அந்தப் பாஸ்கள்ல நிறைய இன்னைக்கும் ஆவணக் காப்பகங்கள்ல இருக்கு. அங்கே இருக்கிற பேரப் பிள்ளைங்க தங்களோட பூர்வீக ஊரைத் தேடுறதுக்கு அதைத்தான் பிடிச்சு வர்றாங்க. இடது முழங்கால்ல தழும்புன்னு கொள்ளுத் தாத்தாவைப் பத்தி ஒரு குமாஸ்தா எழுதின வரிதான் சில குடும்பத்துக்கு மிச்சம்.

ஆனா ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கம் கடல் தாண்டுறதுன்னா முதல்ல கண்டிச் சீமைதான். அதுக்கு ஒப்பந்தப் பாஸும் இல்ல, ஆரம்பத்துல டாக்டரும் இல்ல. கங்காணிதான் எல்லாம். கங்காணி வெளியாள் இல்ல, மாமனோ சித்தப்பனோ அடுத்த தெருக்காரனோ. முன்பணம் குடுத்துக் கூட்டிப் போவான். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கத்துல இருந்து தோணியில ஏறி மன்னார்க் கரையில இறங்கி, அங்கேருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. சுமார் 150 மைல். தண்ணி கிடையாது, சாவடி ஒண்ணு ரெண்டு. காலராவும் காய்ச்சலும் அந்த வழியிலேயே நிறைய பேரைக் கொண்டு போச்சு. விழுந்தவனை விட்டுட்டுத்தான் மத்தவங்க நடந்தாங்க. அந்த 150 மைல்தான் அப்போ மெடிக்கல். நடந்து போய்ச் சேர்ந்தவன் பாஸ், சேராதவன் ஃபெயில். 1876 முதல் 1878 வரைக்கும் தாது வருசப் பஞ்சம் வந்தப்ப எங்க சீமையே காலி ஆகிற மாதிரி இந்த வழியில போயிருக்காங்க. பஞ்சத்துல அடிபட்ட உடம்பு எவ்வளவு தூரம் நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இந்தச் சாவைப் பத்தி அரசாங்கம் கவலைப்பட ஆரம்பிச்சது, செத்தவனுக்காக மட்டும் இல்ல. அவனோட காலராவும் கூடவே நடந்து வந்து கண்டி, கொழும்புன்னு பரவுச்சு. 1896-ல பம்பாயில பிளேக் வந்ததும் இன்னும் பயம். கண்ட இடத்துல இறங்க விடாம, தூத்துக்குடியில இருந்து கப்பல்ல கொழும்புக்குப் போற வழியைக் கட்டாயமாக்கினாங்க. தூத்துக்குடிக்குப் பக்கத்துல தட்டப்பாறையில முகாம் வச்சுப் பரிசோதிச்சாங்க. ஆளுக்கு ஒரு தகர டிக்கெட் குடுக்குறதும் அந்தச் சமயத்துல வந்ததுதான். தோட்டத்து அடையாளமும் நம்பரும் குத்தின தகடு, கழுத்துல கட்டிக்கணும். வழியில ஆன செலவெல்லாம் எந்தத் தோட்டத்துக் கணக்குல எழுதணும்னு அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்க. 1904-ல இலங்கைத் தோட்டக்காரங்களுக்கு ஆள் சேர்க்குறதுக்காகத் திருச்சியில ஒரு லேபர் கமிஷன் ஆபீஸே வந்துடுச்சு.

1914-ல பாம்பன் பாலம் போட்டு, தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டாங்க. அதுதான் போட் மெயில். ரயில்ல வந்து, கப்பல் மாறி, மறுபடி ரயில்ல ஏறி கொழும்பு வரைக்கும் போயிடலாம். வழி சுருங்கினதும் பரிசோதனை முகாமும் மண்டபத்துக்கு வந்துடுச்சு. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல மணலும் பனையும். அங்கே கொண்டு போய் நிறுத்துனா ஓடிப் போக வழி கிடையாது, நோய் இருந்தாலும் ஊருக்குள்ள பரவாது. இடத்தை நல்லாத்தான் தேர்ந்தெடுத்திருக்கான்.

எங்க அப்பத்தா சின்னப் புள்ளையா இருக்கும்போது அவங்க அப்பா அம்மாவோட கண்டிக்குப் போய் வந்தவங்க. எந்த வருசம்னு கேட்டா தெரியாது. “பாலம் போட்டு ரொம்ப நாளு ஆகலைடா”ம்பாங்க. கேம்ப்பைப் பத்தி அவங்க சொன்னது இது. இறங்குனதும் வரிசையில நிக்க வைப்பாங்க. உடுத்தின துணி, மூட்டையில உள்ள துணி எல்லாத்தையும் வாங்கி ஆவியில போட்டு அவிச்சுத் திருப்பித் தருவாங்க. எங்க கொள்ளுப் பாட்டியோட கண்டாங்கிச் சேலை சாயம் போய்த் திரும்பி வந்ததுல அந்த அம்மா ஒரு நாள் பூரா அழுதுச்சாம். கையில அம்மை குத்துவாங்க. அப்புறம் ஒரு வாரம் போல கொட்டகையிலேயே இருக்கணும். சோறு போடுவாங்க. “சோறுன்னா சோறு, எங்க ஊர்ல அப்படி மூணு வேளை நான் தின்னதே இல்ல”ன்னு அப்பத்தா சொல்லும்போது அதுல குறை சொல்லுற தொனி இருக்காது.

ஏன் ஒரு வாரம்னு எனக்கு ரொம்ப நாள் புரியலை. காலராக் கிருமி வயித்துக்குள்ள போனா சில மணி நேரத்துல இருந்து அஞ்சு நாளைக்குள்ள தெரிஞ்சுடும். அஞ்சு நாள் தாண்டி நல்லா இருந்தா அவன்கிட்ட காலரா இல்லைன்னு அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு. ஊசி, லேப், ஸ்கேன் எதுவும் இல்லாம, சும்மா சோத்தைப் போட்டுக் காத்திருந்தே கண்டுபிடிக்கிற முறை. அதைப் பார்த்தா எனக்கு மரியாதையாத்தான் இருக்கு. காலரா வழியில போகாம நின்னதுக்கு அந்தக் கேம்ப் ஒரு காரணம்.

கேம்ப்புல இன்னொண்ணும் நடந்தது. அப்பத்தா அதை ‘பூச்சி மருந்து’ம்பாங்க. வெறும் வயித்துல மருந்தைக் குடுத்து, அப்புறம் பேதி உப்பு. அது கொக்கிப்புழுவுக்கு. இதைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இது விவசாயி வியாதி. வெளிக்குப் போற இடத்துல ஈர மண்ணுல முட்டை பொரிச்சு, வெறுங்காலோட மிதிக்கிறவன் பாதத்துத் தோலைத் துளைச்சு உள்ள போகும். ரத்தத்தோட நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியா குடலுக்கு இறங்கி, அங்கே கொக்கி போட்டு ரத்தத்தை உறிஞ்சும். ஆளு சாக மாட்டான். வெளுத்துப் போவான், மூச்சு வாங்கும், மண்வெட்டியைத் தூக்கிட்டு உக்காந்துடுவான். துரைமாருக்கு அது சோம்பேறித்தனமாத் தெரிஞ்சது. அமெரிக்காவுல இருந்து ராக்பெல்லர் அறக்கட்டளைக்காரங்க 1916-ல மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள்ல வேலையை ஆரம்பிச்சுப் பார்த்தப்பதான், இது சோம்பல் இல்ல, ரத்தமில்லாத உடம்புன்னு தெளிவாச்சு. தமிழ்நாட்டுல இருந்து வந்த தொழிலாளிகள்ல பெரும்பாலானவங்க வயித்துல அந்தப் புழு இருந்துச்சு. தோட்டத்துல வச்சு வைத்தியம் பார்க்குறதை விட வர்ற வழியிலேயே பார்த்துடலாம்னு மண்டபத்துல மருந்து குடுக்க ஆரம்பிச்சாங்க.

அந்தக் காலத்துல கொக்கிப்புழுவுக்கு முக்கியமான மருந்து தைமால். அது எதுல இருந்து எடுக்குறதுன்னு தெரியுமா? ஓமத்துல இருந்து. நம்ம நாட்டு ஓம விதை கப்பல் கப்பலா ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக் காய்ச்சி உலகத்துக்கே வித்தாங்க, முதல் உலகப்போர் வந்து அந்த வியாபாரம் நிக்கிற வரைக்கும். கீனோபோடியம்னு ஒரு செடி எண்ணெயும் உண்டு, அப்புறம் அதுதான் அதிகம். அப்பத்தா குடிச்சது எதுன்னு சொல்லத் தெரியலை, நாத்தம் மட்டும் நல்லா ஞாபகம் இருந்தது.

என் மனசுல தங்கினது இதுதான். வயித்துல புழு இருக்குன்னு தெரிஞ்சும் அவங்களைக் கழிக்கலை. மருந்து குடுத்து அனுப்புனாங்க. தர்மம்னு நினைச்சிடாதீங்க. தேயிலைக்கு வருசம் பூரா ஆள் வேணும், காப்பி மாதிரி பழக் காலத்துக்கு மட்டும் வந்து போறது இல்ல. புழு இருக்கிறவனை எல்லாம் திருப்பி அனுப்பினா மலையில கொழுந்து எடுக்க ஆள் இருக்காது. ஆள் தேவைப்பட்டப்போ பரிசோதனைக்குப் பின்னாடி வைத்தியம் இருந்தது. அந்த வைத்தியத்துக்கும் ஒரு எல்லை. தோட்டத்து லயத்துல கக்கூஸ் கட்டுங்கன்னு ராக்பெல்லர் டாக்டருங்க தலையால தண்ணி குடிச்சாங்க, நிறைய துரைமார் அதுக்குக் காசு எடுக்க யோசிச்சாங்க. மண்டபத்துல வெளியேறுன புழு மலையில திரும்ப ஏறுச்சு.

செலவு யாரு தலையிலங்கிறதும் முக்கியம். ஆரம்பத்துல கங்காணி குடுத்த முன்பணம், வழிச் செலவு எல்லாம் தொழிலாளி கடன்ல ஏறும். அந்தக் கடனை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, அடுத்த தோட்டக்காரன் அந்தக் கடனை அடைச்சாத்தான் அவன் மாற முடியும். துண்டு முறைன்னு பேரு. 1921-ல அதை ஒழிச்சாங்க. 1922-ல இந்தியாவுல குடியேற்றச் சட்டம் வந்து, 1923-ல இலங்கையிலயும் சட்டம் போட்டதுக்கு அப்புறம், ஆள் சேர்க்குற செலவைத் தோட்டங்கள் சேர்ந்து போட்ட நிதியில இருந்துதான் எடுக்கணும், தொழிலாளிகிட்ட வசூலிக்கக் கூடாதுன்னு ஆச்சு. நூறு வருசத்துக்கு முந்தின சட்டம் இது. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

எல்லாரும் கேம்ப்பைத் தாண்டினாங்களான்னா, இல்ல. அப்பத்தாவோட பெரியப்பா ஒருத்தர். யானைக்கால் ஆரம்பிச்சிருந்தது. வேட்டியை இறக்கிக் கட்டி மறைச்சுப் போனாராம். திரும்பி வந்துட்டார். அண்ணன் தம்பி எல்லாம் கப்பல் ஏறிட்டாங்க, இவர் மட்டும் மண்டபத்துல இருந்து ஊருக்கு வந்தார். கங்காணி எழுதி வச்ச முன்பணம் கடனா நின்னது. அது கூடப் பெருசில்ல. ஊர்ல அவருக்குப் பேரே ‘கேம்ப்புல கழிச்ச ஆளு’ன்னு ஆயிடுச்சு. சந்தையில கழிச்ச மாடுங்கிற மாதிரி. அவர் செத்து எவ்வளவோ வருசம் கழிச்சு, நான் சின்னப் பையனா இருக்கும்போது கூட அந்த வீட்டைக் ‘கழிச்சான் வீடு’ன்னுதான் சொல்லுவாங்க. ஏன் அப்படின்னு அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கே தெரியாது.

1939 ஆகஸ்ட்ல, இலங்கையில இந்தியர்களை வேலையை விட்டு எடுக்குறாங்கன்னு தகராறு வந்து, தொழிலாளிங்க அங்கே போறதையே இந்திய அரசாங்கம் தடை பண்ணுச்சு. கண்டிக் கதை அத்தோட முடிஞ்சது. 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம், போனவங்களோட பிள்ளைங்களும் பேரன்களும் திரும்பி வந்து, அதே மண்டபம் கேம்ப்புலதான் இறக்கப்பட்டாங்க. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதணும்.

இடையில ஒண்ணு சொல்லிடுறேன். பரிசோதனையே தப்புங்கிறது என் கட்சி இல்ல. 1875-ல ஸ்வீடன்ல லாகர்லுண்டாங்கிற இடத்துல ரெண்டு ரயில் மோதிச்சு. ரயில்காரனுக்குச் சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாம இருந்திருக்கலாம்னு ஹோம்கிரென்னு ஒரு பேராசிரியர் சந்தேகப்பட்டு, கலர் கலரா கம்பளி நூல் கண்டுகளைக் குடுத்து, ஒரே நிறத்தைப் பிரிச்சு எடுக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைப் பரிசோதிச்சார். அதுல இருந்துதான் உலகம் பூரா ரயில்வேயில நிறப் பரிசோதனை. எங்க பக்கத்துல ஒரு பையன் ரயில்வே பரீட்சை எல்லாம் எழுதிப் பாஸாகி, புள்ளி போட்ட அட்டையில நம்பர் தெரியாம லோகோ பைலட் வேலை போச்சு. அவங்க வீட்டுல இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் அது நியாயம். பின்னாடி ஆயிரம் பேர் உக்காந்திருக்கான். பார்க்குற சோதனைக்கும் செய்யப்போற வேலைக்கும் சம்பந்தம் இருக்கு, காரணத்தையும் சொல்லிட்டாங்க.

சம்பந்தம் இல்லாததைக் கேட்டா என்ன ஆகும்னு நம்ம கோர்ட்டுகளே சொல்லியிருக்கு. எல்.ஐ.சி.யில வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூர்ங்கிற பெண்ணை, விண்ணப்பத்துல கர்ப்பத்தை மறைச்சதாச் சொல்லி வேலையை விட்டு எடுத்தாங்க. அந்தப் படிவத்துல மாதவிலக்கு ஒழுங்கா வருதா, எத்தனை தடவை கர்ப்பம்னெல்லாம் கேள்வி இருந்தது. 1991-ல உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விகளையே நீக்கச் சொல்லி, அந்த அம்மாவுக்கு வேலையையும் திருப்பிக் குடுக்க வச்சது. 1997-ல பம்பாய் உயர் நீதிமன்றத்துல இன்னொண்ணு. எச்.ஐ.வி. இருக்குங்கிறதுக்காக ஒரு கூலித் தொழிலாளியைக் கழிச்ச வழக்கு. வேலை செய்யத் தெம்பு இருக்கு, அடுத்தவனுக்கு ஆபத்தும் இல்லைன்னா, நோய் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக வேலையை மறுக்க முடியாதுன்னு தீர்ப்பு. 2017-ல சட்டமே வந்துடுச்சு, வேலைக்கு எடுக்க எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையா வைக்கக் கூடாதுன்னு.

இதெல்லாம் நம்ம எல்லைக்குள்ள. எங்க பையன்க போறது எல்லைக்கு வெளியே.

என் அக்கா மகன். ஐ.டி.ஐ. முடிச்சு வெல்டிங் வேலை கத்துக்கிட்டவன். அவனுக்குப் பதினெட்டு வயசுல காசநோய் வந்து, அரசு ஆஸ்பத்திரியில ஆறு மாசம் மாத்திரை ஒரு நாள் விடாம சாப்பிட்டு, சளி பரிசோதனையில கிருமி இல்லைன்னு வந்து, சரியாயிட்டான். அதுக்கப்புறம் ஏழு வருசம் இரும்பைத் தூக்கி வேலை பார்த்திருக்கான். சவூதிக்கு விசா வந்தது. ஏஜென்ட்டுக்குப் பாதிப் பணம், நகை அடகு. மெடிக்கலுக்குப் போனான். எடை, ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. காசு அவனே கட்டணும். மறுநாள் ஒரே வார்த்தை, அன்ஃபிட். என்னன்னு கேட்டா, “நெஞ்சுல இருக்கு, அடுத்தவர் வாங்க.” எக்ஸ்ரே ஃபிலிம் கேட்டான், தரலை.

அரசு ஆஸ்பத்திரி நெஞ்சக நோய் டாக்டர்கிட்ட நானும் கூடப் போனேன். அவர் புதுசா எடுத்த படத்தை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினார். வலது பக்கம் மேல ஒரு சின்ன வெள்ளைக் கோடு. “இது ஆறின புண்ணோட தழும்பு. இவருக்கு நோய் இல்ல, யாருக்கும் பரவாது. ஆனா இந்தத் தழும்பு ஆயுசுக்கும் படத்துல விழும்”னார். வளைகுடா நாடுகளோட விதியில புதுசா வர்றவனுக்கு ஆறின தழும்பு இருந்தாலும் தகுதி இல்ல. ரிசல்ட் கம்ப்யூட்டர்ல ஏறிடுறதால சவூதி இல்லைன்னா குவைத்துன்னும் மாற முடியாது.

பழைய பாஸ்ல முழங்கால் தழும்பை எழுதினான், ஆளை அடையாளம் தெரிய. இப்போ நுரையீரல் தழும்பை எழுதுறான், ஆளைக் கழிக்க. மண்டபத்துல புழு இருந்தவனுக்கு மருந்து குடுத்தான், ஏன்னா வேற ஆள் இல்ல. இங்கே மருந்து சாப்பிட்டுக் குணமானவனையே கழிக்கிறான், ஏன்னா வாசல்ல இன்னும் நூறு பேர் வரிசையில நிக்கிறான். கூட்டம் அதிகமான சந்தையில வாங்குறவன் ஏன் யோசிக்கப் போறான்? செலவும் அப்படியே. 1923-ல தொழிலாளிகிட்ட வாங்கக் கூடாதுன்னு எழுதுன செலவை, இப்போ அக்கா சங்கிலியை அடகு வச்சுக் கட்டியிருக்கா.

“மாமா, எனக்கு என்ன நோயின்னு ஊர்ல கேக்குறாங்க, என்ன சொல்ல?”ன்னு அவன் என்கிட்டக் கேட்டான். பொண்ணு பார்த்து வச்சிருந்த வீட்டுல கூட நின்னு போச்சு. நோயே இல்லாதவனுக்கு என்ன நோயின்னு பதில் சொல்றது? அன்னைக்கு ராத்திரிதான் எனக்குக் கழிச்சான் வீடு ஞாபகம் வந்தது, இதை எழுதணும்னும் தோணுச்சு. அவன்கிட்டக் கேட்டுக்கிட்டுதான் எழுதுறேன். எழுதுங்க மாமா, ஊருக்குத் தெரியட்டும்னான். ஏஜென்ட்கிட்டப் பாதிக்கும் மேல பணத்தைத் திருப்பி வாங்கிட்டோம், மிச்சத்துக்கு நடந்துக்கிட்டிருக்கேன். அவன் இப்போ சிவகங்கைப் பக்கம் ஒரு பட்டறையில வேலை பார்க்குறான்.

வெளிநாடு கிளம்புற பிள்ளை வீட்டுல இருந்தா ஒண்ணு செய்யுங்க. ஏஜென்ட்கிட்டப் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் குடுக்குறதுக்கு முன்னாடி, அரசு ஆஸ்பத்திரியில ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுங்க. சளி பரிசோதனையும் காசநோய் மருந்தும் அங்கே இலவசம். தழும்பு இருக்குன்னா கடன் வாங்குறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சுக்கலாம். முன்னாடி காசநோய் வந்து குணமானவங்க, மருந்து முடிச்ச அட்டையையும் கடைசி சளி ரிசல்ட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. உள்ளூர் வேலைக்கு யாராவது கேட்டா அதைக் காட்டலாம், சம்பந்தி வீட்டுலயும் காட்டலாம். எக்ஸ்ரே எந்த ஆஸ்பத்திரியில எடுத்தாலும் ஃபிலிமைக் கையில வாங்கிக்கிட்டு வாங்க.